மலங் பாபாவும் மச்சமுனியும்

மழைக்காலம் முடிந்து வானம் கழுவி விட்ட மாதிரி இருக்கும் நாட்களில், கல்யாண் கிழக்கில் எங்கள் கட்டிடத்து மொட்டைமாடியில் நின்று தெற்கே பார்த்தால் மலங்கட் மலை தெரியும். அதன் இடுப்பளவு உயரத்தில் ஒரு சமாதி இருக்கிறது. பஸ்ஸில் ஹாஜி மலங் என்று சொல்லித்தான் டிக்கெட் வாங்குவோம். பக்கத்து சீட்டுக்காரர் சில சமயம் "ஸ்ரீ மலங்கட்" என்று திருத்துவார். கல்யாணில் இருக்கிறவர்களுக்கு இந்தத் திருத்தத்தின் எடை தெரியும். மற்றவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிட்டு விஷயத்துக்கு வருகிறேன்.

முஸ்லிம்கள் சொல்வது: 12ம் நூற்றாண்டு வாக்கில் ஏமன் தேசத்திலிருந்து வந்த ஹாஜி அப்துல் ரஹ்மான் என்ற சூஃபி ஞானி அங்கே அடங்கியிருக்கிறார். மலங் என்றால் உலகத்தை உதறிவிட்டுத் திரியும் பக்கீர். இந்துக்களில் பலர் சொல்வது: அது நாத சித்தர் பரம்பரையின் ஆதி குருவான மச்சிந்திரநாதரின் சமாதி. 1980களில் சிவசேனையின் தாணே தலைவர் ஆனந்த் திகே இதை ஒரு போராட்டமாகவே ஆக்கினார். 1996ல் 20,000 தொண்டர்களோடு பூஜை செய்யக் கிளம்பினார். 2024 ஜனவரியில், அப்போது முதல்வராக இருந்த ஏக்நாத் ஷிண்டே, மலங்கட்டின் 'விடுதலை' தன் லட்சியம் என்று மேடையில் பேசினார். மாசந்தோறும் கூட்டமில்லாமல் அமைதியாகக் கிடக்கிற மலை, மாக மாதப் பௌர்ணமியன்று மட்டும் போலீஸ் வேன்களால் நிரம்பும்.

இதில் எனக்கு என்ன வந்தது என்று கேட்பீர்கள். எனக்கு ஒரு கடன் வந்தது. அம்மாவின் கடன்.

எங்களுக்குச் சொந்த ஊர் திருப்பரங்குன்றத்துக்குப் பக்கம். நான் வேலைக்காகக் கல்யாண் வந்தது 1991. கணக்குத் தணிக்கை தொழில். அம்மாவும் அப்பாவும் 1994ல் இங்கே வந்து சேர்ந்தார்கள். அம்மாவுக்கு இந்தி கடைசி வரை நாலு வார்த்தைக்கு மேல் வரவில்லை. ஆனாலும் வந்த ஆறே மாதத்தில் அக்கம்பக்கத்து மராத்திப் பெண்களோடு சேர்ந்து இந்த மலையைப் பற்றி விசாரித்து வைத்திருந்தார். ஒரு நாள் ராத்திரி சாப்பிடும்போது கேட்டார். "ஏண்டா, இவுக மச்சிந்திரநாதர்னு சொல்றது நம்ம மச்சமுனியத்தானே?"

நான் முழித்தேன். அம்மா சொன்னது சரிதான் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். வடக்கே மத்ஸ்யேந்திரநாதர், அவர் சீடர் கோரக்நாதர். நம் சித்தர் பட்டியலில் மச்சமுனி, கோரக்கர். பெயரும் ஒன்று, குரு சீட உறவைச் சொல்லும் கதைகளும் உறவுக்காரக் கதைகள். திருப்பரங்குன்றம் மலை உச்சியில், காசி விஸ்வநாதர் கோயில் பக்கத்துச் சுனையில், மச்சமுனி மீன் வடிவில் இருக்கிறார் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அம்மா சின்ன வயதில் தூக்குவாளியில் தயிர் கொண்டுபோய் அந்த மீன்களுக்கு ஊற்றியவர். அதே மலையில்தான் சிக்கந்தர் தர்காவும் இருக்கிறது. ஊர்ப் பெண்கள் இரண்டுக்கும் போவார்கள். அம்மாவுக்கு மலை என்றால் அப்படித்தான் இருக்கும். ஒரு சித்தர், ஒரு பாவா, நிறையப் படிகள்.

1995ல் அம்மா, அப்பா, நான் மூவரும் மலங்கட் போனோம். அப்பா கருப்புச்சட்டைக்காரர். சாமியும் கிடையாது, அல்லாவும் கிடையாது. பஸ் டிக்கெட்டை மட்டும் அவர்தான் எடுத்தார். அடிவாரத்து வாடியில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்துகொண்டு, "நீங்க போய்ட்டு வாங்க, நான் இங்கனக்குள்ளயே பகுத்தறிவோட இருக்கேன்" என்றார். இரண்டு மணி நேர ஏற்றம். வழியெல்லாம் சாதர், பூ, ஊதுபத்திக் கடைகள். மேலே இரண்டு சமாதிகள். ஒன்று பாபாவுடையது. இன்னொன்று நள ராஜா என்ற உள்ளூர் அரசனின் மகளுடையது என்று கதை. அம்மா கையெடுத்துக் கும்பிட்டார், சந்தனம் வாங்கி நெற்றியில் வைத்துக்கொண்டார், என்னையும் விழச் சொன்னார். அவ்வளவுதான். உள்ளே இருப்பவர் பெயரைக் கேட்கவே இல்லை!

இறங்கி வந்ததும் அப்பா கேட்டது இது. "உள்ள யாரு படுத்திருந்தா என்ன? உண்டியல் சாவி யாருகிட்ட இருக்கு, அதப் பாத்தியா?"

அன்றைக்கு நக்கல் என்று நினைத்தேன். பிறகு 1882ல் வெளிவந்த தாணே மாவட்ட கெஜட்டியரைப் படித்தபோது, அப்பா தெரியாமலேயே நூற்றாண்டுக்கும் மேலாக ஓடும் ஒரு வழக்கின் மையத்தைத் தொட்டுவிட்டார் என்று புரிந்தது. அந்தக் கதையைச் சொல்லியே ஆகவேண்டும்.

1780ல் மராட்டியரோடு நடந்த போரில் கம்பெனிப் படை இந்த மலைப்பக்கம் வந்து முகாமிட்டது. பிறகு விலகிப் போனது. அது பாபாவின் சக்தி என்று ஊர் நம்பியது. நன்றிக்காணிக்கையாகப் பேஷ்வா சமாதிக்குக் காணிக்கை அனுப்பினார். கொண்டுபோனவர் காசிநாத் பந்த் கேட்கர் என்ற கல்யாண் பிராமணர். சமாதி சிதைந்து கிடந்ததைப் பார்த்து அவரே திருப்பணி செய்தார், நிர்வாகமும் அவர் குடும்பத்துக்கு வந்தது. தர்காவுக்குப் பிராமணர் பரம்பரை அறங்காவலர்! 1817ல் கல்யாண் முஸ்லிம்களில் சிலர் இதை எதிர்த்தார்கள். வழக்கு கலெக்டரிடம் போனது. அவர் என்ன செய்தார் தெரியுமா? பாபாவின் விருப்பம் என்னவென்று பாபாவிடமே கேட்போம் என்று சீட்டுக் குலுக்கிப் போட்டார். மூன்று முறையும் கேட்கர் தரப்புக்கே விழுந்தது. தீர்ப்பு முடிந்தது.

இந்தக் கதையைச் சொல்லி, "பார்த்தீர்களா, அந்தக் காலத்தில் எவ்வளவு ஒற்றுமை" என்று முடிப்பவர்கள் உண்டு. நான் அப்படி முடிக்க மாட்டேன். அது ஒற்றுமைக் கதை இல்லை, சண்டைக் கதை. ராபர்ட் ஹேடன் என்ற அமெரிக்க மானிடவியலாளர் 2002ல் ஒரு கட்டுரை எழுதினார். நம் மகாராஷ்டிராவின் மடி என்ற ஊரில் கானிஃப்நாத் என்றும் ஷா ரம்ஜான் என்றும் அழைக்கப்படும் சமாதியையும், பால்கன் நாடுகளின் பொதுத் தலங்களையும் ஒப்பிட்டார். அவர் சொன்னதன் சாரம்: இரண்டு மதத்தார் ஒரு தலத்தைப் பகிர்வது என்பது அன்பின் அடையாளம் அல்ல, ஒருவரை ஒருவர் விரட்ட முடியாத வரைக்கும் நீடிக்கும் ஒரு சகிப்பு. பலம் ஒரு பக்கம் சாய்ந்தால் பகிர்வு முடிந்துவிடும்.

ரொம்ப நாள் இந்த வாதம் என்னைத் தொந்தரவு செய்தது. பாபர் மசூதிக்குப் பிறகான பம்பாயில் இருந்தவன், 'அதெல்லாம் இல்லை' என்று எப்படிச் சொல்வேன்? ஆனால் 1817 வழக்கை மறுபடி படித்தால் ஒன்று கண்ணில் படுகிறது. சண்டை நிர்வாகத்துக்காக. அப்பா சொன்ன சாவிக்காக. உள்ளே இருப்பவர் யார் என்பதற்காக அல்ல. சமாதியில் இருப்பது முஸ்லிம் ஞானி என்பதை கேட்கர் தரப்பு மறுத்ததாக அந்தப் பதிவில் இல்லை. ஒரு முஸ்லிம் ஞானிக்குத் தான் சேவகன் என்று சொல்வதில் அந்தப் பிராமணருக்குக் கூச்சம் இருந்ததாகவும் தெரியவில்லை. பேஷ்வா காணிக்கை அனுப்பியதும் அது இந்துத் தலம் என்று நிரூபிப்பதற்காக அல்ல. பாபாவுக்குச் சக்தி இருக்கிறது, அவர் நமக்கு உதவினார், நாம் கடன்பட்டிருக்கிறோம் என்பதற்காக.

ஊர்ப்பக்கமும் இதையே பார்க்கிறோம். நாகூர் தர்காவில் மிக உயர்ந்த மினாரா, 131 அடி, தஞ்சை மராட்டிய அரசர் பிரதாப் சிங் கட்டியது. 18ம் நூற்றாண்டு. பிள்ளை வரம் வேண்டியதற்கான நன்றி என்று கதை. அங்கேயும் மராட்டியர், இங்கேயும் மராட்டியர். அங்கேயும் கடன், இங்கேயும் கடன்.

என்னைக் கேட்டால், இங்கேதான் மனித சிந்தனையில் ஒரு பெரிய திருப்பம் நடந்திருக்கிறது, நமக்கே தெரியாமல். மதம் என்பது முன்பு பெரும்பாலான சனங்களுக்குக் கொடுக்கல் வாங்கலாக இருந்தது. வேண்டிக்கொண்டாய், கிடைத்தது, திருப்பிச் செலுத்து. தெய்வத்தின் பூர்வீகம் அதில் பெரிய கேள்வி இல்லை. கடன் கொடுத்தவர் யார், சொன்ன தேதியில் கட்டினோமா, அவ்வளவுதான். இன்றைக்கு மதம் என்பது ஒரு கூற்று. "உள்ளே இருப்பவர் இன்னார்" என்ற கூற்று. கூற்று என்றால் அது சரியா தப்பா என்று ஒரு விடை வேண்டும். விடைக்கு வரலாறு வேண்டும். வரலாற்றுக்கு நீதிமன்றம் வேண்டும்.

இந்தத் திருப்பத்தில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். எந்தத் தொகையையும் இரண்டு தலைப்பில் எழுதக் கூடாது என்பது எங்கள் பாலபாடம். வெள்ளைக்காரன் ஜனத்தொகைக் கணக்கும் அதே பாடத்தில்தான் நடந்தது. ஒருவருக்கு ஒரு மதம், ஒரு கட்டம். 1911 கணக்கெடுப்பில் பம்பாய் மாகாண அதிகாரிகளுக்கே முழி பிதுங்கியது. குஜராத் பக்கம் பல சாதியார் இரண்டு மதத்துப் பழக்கங்களையும் வைத்துக்கொண்டு இருந்தார்கள். வேறு வழியில்லாமல் 'இந்து-முகமதியர்' என்று ஒரு தலைப்பே போட்டார்கள். மேலிடத்துக்கு அது பிடிக்கவில்லை. ஏதாவது ஒரு பக்கம் சேர்த்திருக்க வேண்டும் என்று குட்டு விழுந்தது. அந்தக் குட்டு இன்னும் நம் தலையில் வீங்கிக்கொண்டே இருக்கிறது.

நியாயமாகச் சொல்ல வேண்டும் என்றால், நம் உச்ச நீதிமன்றம் ஒரு முறை கட்டத்துக்கு வெளியே எழுதியது. 1954ல், இதே ஹாஜி மலங் நிர்வாக வழக்கில். இது ஒரு கலப்பு அமைப்பு, இந்துச் சட்டமோ முஸ்லிம் சட்டமோ இதை ஆளாது, தனக்கென்று உள்ள வழக்கப்படியும் பொதுவான அறக்கட்டளைச் சட்டப்படியும்தான் நடக்கும் என்று கருத்துச் சொன்னது. எனக்குத் தெரிந்து அம்மாவின் மதத்தை இந்திய நீதிமன்றம் புரிந்துகொண்ட தருணம் அது.

சரி, இப்போது அந்தக் கடனுக்கு வருகிறேன்.

2003ல் என் மகன் ஏழாம் மாதத்திலேயே பிறந்துவிட்டான். கண்ணாடிப் பெட்டியில் பத்தொன்பது நாள். அம்மா ஆஸ்பத்திரி ஜன்னலில் நின்று மலை இருக்கும் திசையை விசாரித்துக்கொண்டு, பிள்ளை பிழைத்தால் மலங் பாபாவுக்குப் பச்சைச் சாதர் போர்த்துகிறேன் என்று வேண்டிக்கொண்டார். பிள்ளை பிழைத்தான். முதல் பிறந்தநாளுக்குப் போகலாம் என்றிருந்தோம். அம்மாவுக்கு மூட்டுவலி. அடுத்த வருஷம் என்றோம். பிறகு அப்பா போனார். பிறகு என் வேலை. இப்படியே தள்ளிப்போய், 2021ல் அம்மாவும் போய்விட்டார். கடைசி மாதங்களில் ரெண்டு மூன்று தடவை கேட்டார். "அந்தத் துணி பாக்கிடா." நான் "ஆகட்டும்மா" என்றேன். எத்தனை கம்பெனிகளுக்குப் பாக்கி நிலுவையைச் சுட்டிக் காட்டியிருப்பேன்!

போன வருஷம் மகன்தான் கிளப்பினான். "அப்பத்தா வேண்டிக்கிட்டது எனக்காகத்தானே? நாம ஏன் இன்னும் செய்யல?" அவனுக்கு இதில் நம்பிக்கை உண்டா என்று கேட்டேன். "எனக்கு இல்லப்பா, அவங்களுக்கு இருந்துச்சுல்ல" என்றான். இருபத்திரண்டு வயசுப் பையனுக்கு இது எப்படித் தோன்றியது என்று எனக்கு ஆச்சரியம்.

அந்த வாரம் செம்பூரிலிருந்து மைத்துனர் வந்திருந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகம் மாறியது.

"அத்தான், போறது உங்க இஷ்டம். ஆனா பச்சைச் சாதர் வேண்டாம். காவித் துணியாப் போர்த்துங்க. அது மச்சிந்திரநாதர் சமாதி. நாமளே பச்சை கொண்டு போனா எப்படி?"

"அம்மா வேண்டிக்கிட்டது பச்சை, மாப்பிள்ளை."

"அத்தைக்கு விவரம் தெரியாது, அத்தான். தெரிஞ்சிருந்தா வேண்டிக்கிட்டிருக்க மாட்டாங்க."

அவரை நான் குறைத்துப் பேச மாட்டேன். 1993 ஜனவரியில் தாராவியில் அவர் அப்பாவின் தையல் கடை எரிந்தது. ஆறு மெஷின். எரித்தது யார் என்று அவருக்கு இன்று வரை நிச்சயமாகத் தெரியாது. ஆனால் நிச்சயம் செய்துகொண்டார். அதே வாரம் இரண்டு சந்து தள்ளி, தோல் வேலைக்காகத் திருநெல்வேலியிலிருந்து வந்து தலைமுறைகளாக இருக்கும் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பத்தின் வீடும் எரிந்தது. அதையும் அவரேதான் எனக்குச் சொன்னார். இரண்டையும் சொல்லிவிட்டு ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வது மனித மனசின் வேலை. நானும் அவர் இடத்தில் இருந்தால் என்ன ஆகியிருப்பேனோ.

அன்று இரவு அவரோடு நீண்ட நேரம் பேசினேன். அவர் கேட்ட கேள்வி நேர்மையானது. "உண்மை எதுன்னு ஒண்ணு இருக்குமில்ல, அத்தான்? ஒண்ணு சித்தர் இருக்காரு, இல்ல ஹாஜி இருக்காரு. ரெண்டு பேரும் ஒரே குழியில இருக்க முடியாதே?"

உண்மைதான். வரலாறு என்ன சொல்கிறது? மத்ஸ்யேந்திரர் என்று ஒரு குரு இருந்தார் என்பதில் பெரிய சந்தேகம் இல்லை. 1000ம் ஆண்டை ஒட்டி வாழ்ந்த காஷ்மீரத்து அபிநவகுப்தர் தன் தந்திராலோகத்தில் அவரை வணங்குகிறார். ஆக, அதற்கு முந்தியவர். அவர் சமாதி எங்கே? பீட் மாவட்டத்துக்காரர்கள் சாவர்காவ் பக்கம் மாயம்பா என்கிறார்கள். கல்யாண்காரர்கள் மலங்கட் என்கிறார்கள். நாங்கள் திருப்பரங்குன்றம் என்கிறோம். நேபாளத்துப் பாட்டன் நகரில் வருஷா வருஷம் தேரில் வரும் மச்சிந்திரநாதரை இந்துக்கள் மத்ஸ்யேந்திரர் என்றும், பௌத்தர்கள் அவலோகிதேஸ்வரர் என்றும் கும்பிடுகிறார்கள். ஒரே சொத்து இத்தனை ஐந்தொகையில் வந்தால் தணிக்கையாளன் நான் என்ன செய்வேன்? கையெழுத்துப் போட மாட்டேன். ஏமன் தேசத்து ஹாஜியைப் பற்றிக் கிடைப்பதும் பெரும்பாலும் பின்னாள் கதைகள்தான். இந்தப் பக்கக் கணக்கிலும் வவுச்சர் இல்லை.

"அப்ப யாரு முதல்ல வந்தாங்கன்னு பாக்கணும்" என்றார் மைத்துனர்.

இந்த 'முதல்' என்ற சொல்லைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. கல்யாணையே எடுத்துக்கொள்ளுங்கள். கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகன் எழுதிய பெரிப்ளஸ் நூலில் இது 'கல்லியேனா' என்ற துறைமுகம். போரிவிலிக்குப் பக்கத்துக் கன்ஹேரி குகைகளுக்குப் போனால், கல்யாணில் வாழ்ந்த வணிகர்கள் பௌத்தத் துறவிகளுக்குக் கொடுத்த தானங்கள் பாறையில் வெட்டிக் கிடக்கின்றன. 6ம் நூற்றாண்டில் காஸ்மாஸ் என்ற பயணி, 'கல்லியானா'வில் பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட ஒரு கிறிஸ்தவ ஆயர் இருந்தார் என்று எழுதியிருக்கிறார். பல அறிஞர்கள் அது நம் கல்யாண்தான் என்கிறார்கள். முதலில் வந்தவருக்கே எல்லாம் என்றால் ஊரையே பௌத்தர்களிடம் ஒப்படைக்க வேண்டும். (வேடிக்கை என்னவென்றால், பௌத்தம் இந்த ஊருக்குத் திரும்பியும் வந்துவிட்டது. 1956ல் நாக்பூரில் அம்பேத்கர் தீட்சை பெற்ற பிறகு. என் கட்டிடத்துக்கு நாலு தெரு தள்ளி ஒரு விகாரை இருக்கிறது. அங்கே வருகிறவர்கள் யாரும் கன்ஹேரிக் கல்வெட்டைக் காட்டி வாடகை கேட்கவில்லை.)

எங்கள் ஊர் மலைக்கும் இதே கதைதான். திருப்பரங்குன்றத்தில் பாண்டியர் குடைந்த முருகன் கோயில் 8ம் நூற்றாண்டு. மலை மேல் தர்கா இருப்பது மதுரையின் கடைசி சுல்தான் சிக்கந்தர் பெயரில். அவர் 14ம் நூற்றாண்டு. ஆனால் இருவருக்கும் முந்தி, அதே மலைக் குகையில் சமணத் துறவிகள் படுத்த கற்படுக்கைகள் இருக்கின்றன, தமிழ் பிராமி எழுத்தோடு. அதில் ஒரு படுக்கையைக் கொடுத்தவர் ஈழத்துக் குடும்பிகன் பொலாலையன் என்று எழுதியிருக்கிறது. கடல் கடந்த தொடர்புள்ள ஒருவர் வந்து, சமண முனிவருக்குக் கல்லில் பாய் விரித்துக் கொடுத்திருக்கிறார். 'முதல்' என்று தேடிப்போனால் அங்கே ஒரு வெளியூர்க்காரன் நிற்கிறான்! நம்மைப்போல.

அந்த மலைக்கும் வழக்கு உண்டு. 1931ல் லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. தர்கா, அதற்குப் போகும் படிகள், நெல்லித்தோப்பு ஆகியவை முஸ்லிம்களுக்கு, மற்ற மலை தேவஸ்தானத்துக்கு என்று முடிந்தது. தொண்ணூறு வருஷத்துக்குப் பிறகும் ஓயவில்லை. 2025 பிப்ரவரியில் ஆடு கோழி பலி கொடுப்பது பற்றிப் போராட்டம். டிசம்பரில் தீபம் எந்தத் தூணில் ஏற்றுவது என்று இன்னொன்று. கல்யாணில் உட்கார்ந்து தொலைக்காட்சியில் என் ஊர் மலையைப் பார்த்தபோது, மலங்கட் செய்தியை யாரோ தமிழில் டப்பிங் செய்த மாதிரி இருந்தது.

இரண்டு மலையிலும் நான் கவனித்தது ஒன்றுதான். 'முதல்' என்று கேட்பவர், தனக்குப் பிடித்த நூற்றாண்டு வந்ததும் தேடுவதை நிறுத்திவிடுகிறார். அதற்குக் கீழே தோண்ட மாட்டார். அதனால் அது வரலாற்றுக் கேள்வியே இல்லை. இன்றைய ஆசைக்கு வரலாற்றிடம் வாங்கும் கையெழுத்து.

இதைச் சொன்னதும் மைத்துனர் சிரித்துவிட்டார். ஆனால் ஒப்புக்கொள்ளவில்லை. "நீங்க ரெண்டு பக்கமும் சரின்னு பேசுறீங்க. அத்தை மட்டும் எல்லாரையும் சமமா நெனச்சாங்களா? நம்ம வீட்டுப் பொண்ணு ஒரு முஸ்லிம் பையனக் கட்டிக்கிறேன்னா விட்டிருப்பாங்களா?"

குத்தினது. விட்டிருக்க மாட்டார். 1995ல் மலை மேல் ஒரு முஸ்லிம் அம்மா பிரியாணி இல்லை, வெறும் சர்க்கரைப் பொங்கல் மாதிரி ஏதோ ஒன்று கொடுத்தபோது, அம்மா வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு பைக்குள் வைத்துக்கொண்டார். சாப்பிடவில்லை. கீழே வந்து ஒரு நாய்க்குப் போட்டார். நான் பார்த்தேன். அம்மாவை மதநல்லிணக்கப் போஸ்டரில் ஒட்ட எனக்கு உரிமை இல்லை. சமாதியைப் பகிர்ந்தவர் சமையலறையைப் பகிரவில்லை. ஹேடன் இதைக் கேட்டால் தலையாட்டியிருப்பார்.

ஆனாலும் ஒன்று மிச்சம் நிற்கிறது. அந்த மனுஷி, பேரன் கண்ணாடிப் பெட்டியில் கிடந்தபோது, தன் கட்டத்துக்கு வெளியே இருந்த ஒருவரிடம் கை நீட்டினார். கைநீட்டினால் கடன் என்பது அவருக்குத் தெரியும். சமம், சமத்துவம் எல்லாம் அவருக்குத் தெரியாது. கடன் தெரியும். அந்தக் கடனை எந்த நிறத்தில் கட்டுவது என்று பிறகு வந்த நாங்கள் மாற்றினால், அது அவர் செலுத்திய கடன் ஆகாது, நாங்கள் எழுதின வேறு கணக்கு ஆகிவிடும். மைத்துனரிடம் இதைத்தான் சொன்னேன். "அம்மாவுக்கு விவரம் தெரியாதுன்னு வச்சுக்குவோம். விவரம் தெரிஞ்ச நாம, அவங்க வாக்கை மாத்தலாமா?"

அவர் பதில் சொல்லவில்லை. காலையில் டீ குடித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

மாகப் பௌர்ணமிதான் மலங்கட்டின் பெரிய நாள். முஸ்லிம் ஞானியின் உரூஸ், இந்துப் பஞ்சாங்கத்துத் தேதியில். பல வருஷங்களில் நம் தைப்பூசமும் அதை ஒட்டியே வந்துவிடும். ஆனால் அன்று கூட்டமும் போலீஸும் கோஷங்களும் இருக்கும் என்பதால், அது கழிந்து ஒரு சாதாரண வியாழக்கிழமை நானும் மகனும் போனோம். என் மனைவி வரவில்லை. தம்பியையும் புருஷனையும் ஒரே சமயத்தில் சமாளிக்க முடியாது என்று சொல்லிவிட்டார். அதுவும் நியாயம்தான்.

கல்யாண் பஜாரில் சாதர் வாங்கினோம். பச்சை, ஓரத்தில் ஜரிகை. மகன் ஒரு சின்ன டப்பாவில் தயிர் எடுத்து வந்திருந்தான். எதற்கு என்று கேட்டேன். "அப்பத்தா அங்க மச்சமுனிக்கு ஊத்துவாங்கன்னு சொல்வீங்களே" என்றான். இங்கே மீன் கிடையாதுடா என்றேன். பரவாயில்லை என்று பையில் வைத்துக்கொண்டான்.

எனக்கு ஐம்பத்தெட்டு வயது. மேலே போகும்போது ஏழு இடத்தில் உட்கார்ந்தேன். சமாதியில் சாதரை வாங்கிக்கொண்ட பெரியவர் யார் பெயரில் என்று கேட்டார். அம்மா பெயரைச் சொன்னேன். ஊர் கேட்டார். மதுரை பக்கம் என்றேன். "தூரம்" என்றார். துணியை விரித்துப் போர்த்தினார். ஒரு நிமிஷம் கூட ஆகவில்லை. இருபத்து சொச்சம் வருஷமாக நான் தள்ளிப்போட்ட வேலை.

தயிரை இறங்கும் வழியில் ஒரு நிழலில் உட்கார்ந்து, கொண்டுபோன சாதத்தில் பிசைந்து நாங்களே சாப்பிட்டோம். அடிவாரத்தில் அப்பா உட்கார்ந்த டீக்கடை இருந்த இடத்தில் இப்போது செல்போன் ரீசார்ஜ் கடை.

மைத்துனர் இன்னும் போன் பண்ணவில்லை. பொங்கலுக்கு வந்தவர்தான். சித்திரைக்குள் நானே செம்பூர் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று இருக்கிறேன்.